புழுக்கத்துக்கு ஒரு வழி

“எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டுப் புழுங்கியிருக்கா. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல.” மருத்துவமனை வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் எத்தனையோ அம்மாக்கள் சொல்லும் வார்த்தை இது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் வேண்டுமென்றே மறைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் புழுக்கம் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. செராமிக் பட்டறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையைக் கொண்டுபோய் யாரும் சுள்ளென்ற வெயிலில் வைப்பதில்லை. நிழலில், பலகைகளின் மேல் வரிசையாக வைத்து மெல்ல ஆறவிடுவார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். வெளியே இறுக்கம், உள்ளே ஈரம் என்று இரண்டும் இழுத்துக்கொள்ளும்போது பொம்மை விரிசல் விட்டுவிடும். சில விரிசல்கள் அன்றைக்குக் கண்ணில் படாது. சூளையிலிருந்து எடுக்கும்போதுதான் தெரியும்.

மனமும் அப்படித்தான். துயரம் வரும்போது அதை நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? இதைத்தான் எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். இது பேசக் கூச்சமான விஷயம். ஆனால் பேசாமல் விட்டதற்கான கணக்கு நம் கண்முன்னே இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் அந்த ஆண்டு தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. காரணங்களில் முதலிடத்தில் இருப்பது குடும்பப் பிரச்சினை, அதற்கு அடுத்தது நோய். தொழிலைப் பார்த்தால் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. இறந்தவர்களின் கணக்கு மட்டும்தான் இது. தன்னைக் காயப்படுத்திக்கொண்டு, முழுக்கைச் சட்டைக்குள் அதை மறைத்துக்கொண்டு பள்ளிக்கும் வேலைக்கும் போய்வருபவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எல்லாருமே சாக நினைப்பவர்கள் அல்லர். சிலருக்கு அந்த எண்ணம் இருக்கும். பலருக்கு, குறிப்பாகப் பள்ளி கல்லூரி வயதில் இருப்பவர்களுக்கு, அது இருக்காது. “சாகணும்னு இல்ல. அந்த நேரம் தாங்க முடியல, அவ்வளவுதான்” என்பார்கள். மருத்துவர்கள் இரண்டுக்கும் பொதுவாகச் சுயதீங்கு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சாகும் எண்ணம் இல்லை என்பதால் இரண்டாவது வகையை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. ஒருமுறை சுயதீங்கு செய்துகொண்டவருக்குப் பின்னாளில் உயிராபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்று உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இனி, துயரத்தை எப்படிச் சமாளிக்கிறோம் என்பதற்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் எழுதிய ஒரு நூல் இந்தத் துறைக்கே அடித்தளம். கஷ்டம் வரும்போது மனிதர்கள் இரண்டு விதமாகச் சமாளிக்கிறார்கள் என்றார்கள். ஒன்று, பிரச்சினையையே கையிலெடுப்பது. மற்றது, பிரச்சினையால் வந்த மனவலியை ஆற்றிக்கொள்வது. குழுக் கடன் தவணை கட்ட முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூலுக்கு வருபவரிடம் போய் “இந்த வாரம் பாதி கட்டுறேன்” என்று பேசுவது முதல் வகை. அக்கா வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுது, டீ குடித்துவிட்டு வருவது இரண்டாவது வகை. கடனை அடைக்க அழுகை உதவாது. ஆனால் அழுத பிறகுதான் வசூல்காரரிடம் பேசும் தெம்பு வரும். அதனால் இரண்டுமே வேண்டும்.

நம் பாட்டிமார்களுக்கு இந்த நூல் தெரியாது, வழி தெரிந்திருந்தது. ஒப்பாரி என்பது துக்கத்துக்கு ஊரே கூடிக் கட்டிக்கொடுத்த வடிகால். இந்தப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கை வேலை செய்ய வாய் மாமியார் கதை பேசுவார்கள். அது வம்பு மட்டுமல்ல. வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொல்லி இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள். இன்றைக்குத் தனிக் குடும்பம், தனி அறை, கையில் போன். சொல்வதற்கு அந்த வட்டம் இல்லை.

சமாளிப்பில் கெட்ட வழிகளும் இருக்கின்றன. அவை கெட்டவையாகத் தோன்றாததுதான் சிக்கல். முதலாவது, அடக்கிக்கொள்வது. பழைய வீடுகளின் மீட்டர் பெட்டியில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை பார்த்திருப்பீர்கள். அதில் போடவேண்டியது மெல்லிய கம்பி. மின்சாரம் அதிகமானால் முதலில் அது உருகி, வீட்டைக் காப்பாற்றும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று சிலர் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அதன் பிறகு ஃபியூஸ் போகாது. சுவருக்குள் ஒயர் கருகும். “ஆம்பளப் பிள்ள அழலாமா”, “பொம்பளப் பிள்ள பொறுத்துக்கணும்”, “வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக் கூடாது” என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தத் தடித்த கம்பியைத்தான் சுற்றுகிறோம்.

அடக்கினால் எண்ணம் போய்விடுவதும் இல்லை. ஹார்வர்டில் பின்னாளில் பேராசிரியராக இருந்த டேனியல் வெக்னர் 1987-இல் ஒரு எளிய சோதனை செய்தார். கல்லூரி மாணவர்களிடம், அடுத்த சில நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். அவர்களால் முடியவில்லை. தடையை நீக்கியபோது அந்தக் கரடி இன்னும் அதிகமாக வந்தது. “அதையே நினைக்காத” என்று நாம் சொல்லும் ஆறுதல் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

இரண்டாவது, அசைபோடுவது. அவர் ஏன் அப்படிச் சொன்னார், நான் ஏன் அப்படி நின்றேன் என்று ராத்திரி முழுக்க அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவது. யோசிப்பது போலவே தெரியும். ஆனால் ஒரு முடிவும் வராது. மூன்றாவது, எல்லாவற்றுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது. நான்காவது குடி, அதைப் பற்றி இந்த மாவட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. போதை துயரத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிவைக்கும். கூடவே, கையைப் பிடித்து நிறுத்தும் நிதானத்தையும் எடுத்துக்கொண்டுபோய்விடும்.

இந்த வரிசையின் கடைசியில்தான் சுயதீங்கு நிற்கிறது. அது பைத்தியமும் அல்ல, நாடகமும் அல்ல. வேறு எல்லா வழியும் அடைபட்ட பிறகு மனம் பிடித்துக்கொள்ளும் ஒரு சமாளிப்பு, தவறான சமாளிப்பு. டேவிட் க்ளான்ஸ்கி என்ற உளவியலாளர் 2007-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். மக்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு மிக அதிகமாகக் கிடைத்த பதில், தாங்க முடியாத உணர்ச்சியைத் தணித்துக்கொள்வதற்காக என்பதுதான். தணிவு சில நிமிடங்கள்தான். அது போனதும் அவமானம் வரும், மறைக்க வேண்டிய பயம் வரும், முன்பிருந்த துயரமும் அப்படியே திரும்பி வரும். அடுத்த முறை மனம் அதே குறுக்குவழியைத் தேடும். அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் உயிராபத்து இருக்கிறது. கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்குவதைப் போல என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் புரியும்.

இங்கிலாந்தில் கீத் ஹாட்டனும் அவருடைய குழுவினரும் 41 பள்ளிகளில் 15, 16 வயதுடைய சுமார் 6,000 மாணவர்களிடம் கேட்டறிந்த ஆய்வு ஒன்று உண்டு. சுயதீங்கு செய்துகொண்ட பிள்ளைகள், மனக்கஷ்டம் வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு, அறைக்குள் போய் அடைந்துகொள்வேன், கோபப்படுவேன், குடிப்பேன் என்பது போன்ற பதில்களை மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். பிரச்சினையை எதிர்கொண்டு சரிசெய்யப் பார்ப்பேன் என்று சொன்னது குறைவு. இதில் என்னை உறுத்தியது வேறொன்று. தங்களுக்கு உதவி தேவை என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் போய்க் கேட்க முடியவில்லை. பேசுவதற்கு ஆள் குறைவாக இருந்தார்கள், இருந்தவர்களும் பெரும்பாலும் அதே வயதுத் தோழர்கள்தான்.

அதனால்தான் “சும்மா மிரட்டுறா”, “எல்லாரும் தன்னைப் பாக்கணும்னு பண்றான்” என்ற பேச்சு என்னை வருத்துகிறது. கவனத்தைத் தேடுகிறவர் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்க மாட்டார். ஒருவேளை யாராவது பார்க்க வேண்டும் என்றே ஒருவர் செய்திருந்தாலும், அந்த அளவுக்குப் போய்த்தான் தன்னைப் பார்க்கவைக்க முடிகிறது என்றால் அவர் எத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருப்பார்?

இன்னொரு உண்மையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தூண்டும் அந்த உந்துதல் மணிக்கணக்கில் ஒரே அளவில் நிற்பதில்லை. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பலருக்கு அந்த உச்சி சில நிமிடங்கள்தான், சிலருக்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம், நம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் ஒரு முயற்சி செய்தது. வயலுக்கு அடிக்கும் மருந்தை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், ஊர்ப் பொதுவில் ஒரு கட்டடம், அதில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டிய பெட்டி, பொறுப்புக்கு ஓர் ஆள் என்று ஏற்பாடு. ஊர்க்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். இறப்புகள் குறைந்ததை 2013-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. அந்த ஊர்களில் கடனோ குடும்பச் சண்டையோ திடீரென்று மறைந்துவிடவில்லை. துயரத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு பூட்டும் கொஞ்ச நேரமும் வந்தன. வீட்டில் மனம் நொந்தவர் ஒருவர் இருந்தால் ஆபத்தான பொருள்களை எல்லாம் பூட்டிவையுங்கள், அல்லது வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, அந்த நேரத்தை எப்படிக் கடத்துவது? அந்தத் துயரத்தில் இருப்பவர் நீங்களே என்றால் இது உங்களுக்கு. மனம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் ஒரு தாளை எடுங்கள். எனக்கு ஆபத்து நெருங்குகிறது என்பது எதிலிருந்து தெரியும் என்று முதலில் எழுதுங்கள்: தூக்கம் போவது, சாப்பாடு இறங்காதது, யாரிடமும் பேசப் பிடிக்காதது. அடுத்து, தனியாக என்ன செய்தால் கொஞ்சம் ஆறும் என்று எழுதுங்கள். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுவது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது, வேகமாக நடப்பது, எழுதித் தீர்ப்பது. பிறகு, ஆள் நடமாட்டமுள்ள எந்த இடத்துக்குப் போகலாம் என்று எழுதுங்கள். பழமலைநாதர் கோயில் பிராகாரமாக இருக்கலாம், சித்தி வீட்டுத் திண்ணையாக இருக்கலாம். கடைசியாக மூன்று பேரின் போன் எண்கள். தாங்க முடியாத நேரத்தில் யோசிக்க மூளை வராது. அப்போது இந்தத் தாள் உங்களுக்காக யோசிக்கும். லட்சுமி விஜயகுமாரின் குழு, தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் இப்படிப்பட்ட பாதுகாப்பு அட்டையையும், முகாம்வாசிகளையே பயிற்றுவித்து அடிக்கடி போய் நலம் விசாரிக்கும் ஏற்பாட்டையும் முயன்று பார்த்து, பலன் தந்ததை 2017-இல் எழுதியிருக்கிறது. போரில் ஊரையும் வீட்டையும் இழந்தவர்களுக்கே ஓர் அட்டையும், கதவைத் தட்டி “எப்படி இருக்கீங்க?” என்று கேட்கும் ஓர் ஆளும் கைகொடுத்திருக்கிறார்கள்.

சமாளிப்பைப் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு மார்ஷா லைன்ஹான் என்ற அமெரிக்க உளவியலாளரே சாட்சி. உணர்ச்சி கொந்தளிக்கும்போது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாமல் தாண்டுவதற்கான பயிற்சி முறை ஒன்றை அவர் உருவாக்கினார். உலகம் முழுவதும் இன்று அது சிகிச்சையாகப் பயன்படுகிறது. தன் இளம் வயதில் தானே சுயதீங்கில் சிக்கி மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த இடத்திலிருந்து மீண்டு வந்துதான் மற்றவர்களுக்கு வழி காட்டினார்.

இனி அம்மா அப்பாவுக்கு, அண்ணன் அக்காவுக்கு. பிள்ளையின் கையில் காயத்தைப் பார்த்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது எனக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு அழுகை. பிறகு பிள்ளையின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து, “இனிமே பண்ண மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணு”. அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் இதைச் செய்யாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சத்தியம் செய்துவிட்டு மறுபடி தடுமாறிய பிள்ளை, அம்மாவின் உயிரையே பந்தயம் வைத்து ஏமாற்றிவிட்டோம் என்ற குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்கும். அடுத்த முறை உங்களிடம் சொல்லாது. இன்னும் ஆழமாக மறைக்கும். சத்தியத்துக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: “மறுபடி அப்படித் தோணுச்சுன்னா, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் என்னை எழுப்புவியா? நான் திட்ட மாட்டேன்.” அப்படி எழுப்பும் நாளில் உண்மையிலேயே திட்டாமல் இருங்கள்.

நேராகக் கேட்கவும் பயப்பட வேண்டாம். “சாகணும்னு தோணுதாம்மா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டதும் பெரும்பாலும் அவர்களுக்கு மூச்சு விட்டது போல் இருக்கும். கேட்டுவிட்டு அறிவுரை சொல்ல அவசரப்படாதீர்கள். சூளையில் நெருப்பு அணைந்த உடனே கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு உள்ளே இருக்கும் சாமான் விரிசல் விடும் என்று சூளைக்காரருக்குத் தெரியும். ஆறும் வரை பக்கத்தில் இருப்பார். அவ்வளவுதான் நீங்களும் செய்ய வேண்டியது. “அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா” என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீம்பாக இருந்துவிட்டு, பேச வேண்டிய நேரத்தில் பேசாமல்போன குடும்பத்தின் வேதனையை நம் விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையம் ஒரு நாவலாகவே எழுதியிருக்கிறார். ‘செல்லாத பணம்’, 2020-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. விரும்பியவனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக மகளிடம் பேச்சை முறித்துக்கொண்ட வீடு, அவள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் உயிருக்குப் போராடும்போது வாசலில் காத்துக் கிடக்கிறது. கையில் பணம் இருக்கிறது. அது அங்கே செல்லவில்லை.

எல்லாவற்றையும் மூச்சுப் பயிற்சியிலும் மனத்திடத்திலும் தள்ளிவிட்டுப் போவதும் நியாயமில்லை. தினமும் அடிக்கும் கணவனை, சாதியின் பெயரால் வரும் மிரட்டலை, வாசலில் நின்று கத்தும் கடன்காரரை ஒரு பெண் “சமாளித்துக்கொள்ள” வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அங்கே மாற வேண்டியது அவள் அல்ல. வழி திறந்திருந்தால் மனிதர்கள் பிரச்சினையைக் கையிலெடுக்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறியவர்களுக்குச் சில வாரங்களிலேயே நடக்கும் துணைத் தேர்வு. ஒரு வருடம் வீணாகிவிட்டது என்ற நிலை போய், அடுத்த மாதம் எழுதலாம் என்றாகிவிட்டது. மே மாதத்தில் முடிவு வரும் நாளன்று உங்கள் தெருவில் தவறிய பிள்ளை இருந்தால், துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதியை முதலில் சொல்லுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சிகிச்சைக்குப் போகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், அப்படி முயன்றவரைத் தண்டித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காகச் செய்யும் முயற்சி மட்டுமே இப்போது குற்றம். அதனால் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உடல் காயம் ஆறியதும் வீட்டுக்கு வந்துவிட்டால் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அவர் எந்த நாளில், எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன.

இப்போதே போனை எடுத்து இந்த எண்களைச் சேமித்துவையுங்கள். 14416, அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழில், கட்டணமில்லாமல். 044-24640050, சிநேகா. 18 வயதுக்குள் என்றால் 1098. உயிராபத்து என்றால் 108. உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படும் இரவில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.